ஏழு வரிப் பெண்கள்

அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு விடுதியிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். விடுதியில் நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் மிச்சம் இருந்தார்கள். விடுதியின் மொத்தத் தொகையே நூற்றுப் பன்னிரண்டுதான். இதை முதலில் கண்டுபிடித்தவர் சமையல்காரர். பெரிய அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, இனி நாற்பது நாள் நிம்மதி என்று பையைத் தோளில் மாட்டியவர், சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகள் தாளம் போடுவதைக் கேட்டு எட்டிப் பார்த்தார். வரிசை குலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். "ஏம்மா, நீங்க யாரும் ஊருக்குப் போகலையா?" என்றார். "போனோம்ண்ணே. கேட்டைத் திறந்தாங்க, நாங்க பெட்டியைத் தூக்கறதுக்குள்ள நாங்களே எங்களைத் தாண்டிப் போயிட்டோம்" என்றாள் ஒருத்தி. சமையல்காரர் பையை இறக்கி வைத்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரித்ததில், நூற்றுப் பன்னிரண்டு பேரையும் எண்ணித்தான் வெளியே விட்டதாகத் தலையில் அடித்துச் சொன்னார். "ஒண்ணு குறைஞ்சா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். ஒண்ணுகூடக் குறையாம இருந்தா என்ன பண்ணணும்னு யாரும் சொல்லித் தரலையே!"

தலைமை ஆசிரியையான பெரிய மேடம், பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் நாலைந்து வீடுகளுக்குத் தொலைபேசினார். எல்லா வீட்டிலும் பெண் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தாள். ஒரு தகப்பனார் நன்றி மேல் நன்றி சொன்னார். "தங்கமா மாத்திட்டீங்க மேடம்! தட்டுல போட்டதை வாய் பேசாமச் சாப்பிடறா. போன வருஷம் வந்தப்ப என்னா வாய்!" ஒரு தாய்க்கு மட்டும் சின்ன சந்தேகம் இருந்தது. பெண்ணின் நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்றும் முழங்காலுக்குக் குறுக்கே ஒன்றுமாக, மூன்றாக மடித்துப் பிரித்தது போல இரண்டு தடம் இருக்கிறதாம். குளித்தால் தண்ணீரில் கொஞ்சம் நீலம் இறங்குகிறதாம். சீருடைச் சாயம்தானே என்று அவளே கேட்டு, அவளே ஆமாம் என்று சொல்லிக்கொண்டு வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போனவர்கள் மொத்தம் ஏழு வாக்கியம்தான் பேசினார்கள் என்பதும் அன்று மாலைக்குள் தெரிந்தது. அந்த ஏழும் பெரிய மேடத்துக்கு மனப்பாடம். ஏனென்றால் அவை ஞாயிற்றுக்கிழமை கரும்பலகையில் எழுதிப் போடப்படும் ஏழு வரிகள்.

அந்த வரிகளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பள்ளியைத் தொடங்கிய முதல் வருஷம் பெண்கள் வீட்டுக்கு இஷ்டப்படி கடிதம் எழுதினார்கள். கஞ்சியில் வண்டு, கூரையில் ஒழுக்கு, கட்டிலில் மூட்டைப்பூச்சி, பக்கத்துக் கட்டில்காரி குறட்டை. ஒரே மாதத்தில் பதினெட்டுத் தகப்பன்மார்கள் வந்து பதினெட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைய தலைமை ஆசிரியை ஒரு ராத்திரி யோசித்தார். கூரையை மாற்றுவதைவிடக் கடிதத்தை மாற்றுவது சுலபம் என்று விடிவதற்குள் விளங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கரும்பலகையில் எழுதினார்: நான் இங்கு நலம். உணவு நன்றாக இருக்கிறது. ஆசிரியர்கள் அன்பாக இருக்கிறார்கள். வேளாவேளைக்குத் தூங்குகிறேன். தோழிகளுடன் ஒற்றுமையாக இருக்கிறேன். வீட்டு ஞாபகம் வருவதில்லை. என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெண்கள் பார்த்து எழுதினார்கள். எழுதாதவளுக்கு அன்று மதியச் சாப்பாடு கிடையாது. அதன் பிறகு பெட்டியைத் தூக்க ஒரு தகப்பனும் வரவில்லை. கணக்கு டீச்சர் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்து, அந்த விடுமுறைக்கு முந்தின வாரம் போன கடிதத்தோடு மொத்தம் ஒரு லட்சம் ஆகிவிட்டது என்று அறிவித்தார். ஒரே பொய்யை லட்சம் தடவை எழுதினால் அதற்குக் கால் முளைக்காமல் என்ன செய்யும் என்பது அவர் கட்சி. பெரிய மேடம் அதை மறுக்கவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

அந்த லட்சத்தில் கடைசிப் பதினையாயிரத்தைச் சரிபார்த்து அனுப்பியவர் வார்டன். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கியதால் பெண்களுக்கு அவர் விசிலம்மா. ஊதினால் எழுந்திருக்க வேண்டும், ஊதினால் குளிக்க வேண்டும், ஊதினால் தூக்கம் வர வேண்டும். கணவர் இன்னோர் ஊரில் இன்னொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார். ஒரே மகள் அதே விடுதியில் ஆறாம் வகுப்பு. யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கொக்கியை மாட்டி நிறுத்திவிடுவாள் என்பதால் அவள் பெயர் கொக்கி. "கஞ்சி உடம்புக்கு நல்லது" என்றால், "அப்ப ஏன் மேடம் டீச்சருங்க யாரும் குடிக்கறதில்ல?" என்பாள். அம்மாவை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும். வார்டனின் வீடு விடுதியிலிருந்து நாற்பதே அடி தூரம். ஆனால் விடுதிப் பெண்கள் ஊழியர் வீட்டுப் படியேறக் கூடாது என்பது விதி, விதி என்றால் பெற்ற பெண்ணுக்கும் விதிதான். பள்ளி நடப்பதே தன் நேர்மையால்தான் என்ற நினைப்பு வார்டனுக்கு உண்டு; அந்த நினைப்புக்குத் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி வளர்த்தார்.

நேர்மையின் உச்சம் கடித விஷயத்தில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கொக்கியும் ஏழு வரி எழுதுவாள். வார்டன் படித்து, 'பார்வையிடப்பட்டது' என்று முத்திரை குத்தி, பையில் போடுவார். பை தபால் நிலையத்துக்குப் போகும். புதன்கிழமை தபால்காரர் அதே கடிதத்தை நாற்பதடி தள்ளி வார்டன் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். அப்போது வார்டன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, தாயாக மாறி அதை முதல் தடவை படிப்பார். பெண் நலமாக இருப்பது அறிந்து நிம்மதியாவார். ஒரே ஒரு தடவை கொக்கி எட்டாவதாக ஒரு வரி சேர்த்தாள்: அம்மா, எனக்கு இடது காது வலிக்குது. வார்டன் அதைச் சிவப்பு மையால் அடித்து, திரும்ப எழுது என்று கொடுத்துவிட்டார். புதன்கிழமை வந்த கடிதத்தில் காதைப் பற்றி ஒன்றும் இல்லை. தாய்க்குத் தகவல் வராததால் தாய் ஒன்றும் செய்யவில்லை. அந்த வருஷக் கடைசியில் கொக்கிக்கு இடப்பக்கம் யார் பேசினாலும் கிணற்றுக்குள் பேசுவது போலத்தான் கேட்டது.

அந்த முதல் விடுமுறை நாளில், எல்லோர் வீட்டுக்கும் ஒருத்தி போனதைப் போல வார்டன் வீட்டுக்கும் ஒரு கொக்கி பெட்டியோடு வந்து சேர்ந்தாள். வந்ததும் செருப்பை வரிசையாக வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தாள். உணவு நன்றாக இருக்கிறது என்றாள். ஏழெட்டு வருஷமாக வாயாடியிடம் மல்லுக்கட்டிய தாய்க்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டும் சத்தம். வார்டன் போய்த் திறந்தார். வாசலில் விடுதிச் சீருடையில் ஒரு பெண். யார் முகம் என்று பார்க்கும் முன்பே, வருஷக்கணக்காகப் பழகிய வாய் தானாகப் பேசிவிட்டது: "விடுதிப் பொண்ணுங்க இங்க வரக் கூடாதுன்னு தெரியாது?" பேசிய பிறகுதான் முகத்தைப் பார்த்தார். கொக்கியும் அம்மாவின் கை இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள்; சாப்பாட்டு மேஜையில் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். "சாரி மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வார்டன் கூப்பிட வாயைத் திறந்தார். என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை, கொக்கி என்றால் இருவரில் யார் திரும்புவார்கள் என்றும் தெரியவில்லை. அதற்குள் பிள்ளை நாற்பதடியைத் தாண்டிவிட்டாள். அடுத்த ஆறு வருஷத்தில் அந்தக் கதவை அவள் ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

பள்ளி திறக்கிற நாளில் பெற்றோர்கள் பெண்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். வந்து சேர்ந்தபோது இருக்கைகளில் மூன்றாக மடித்த கடிதங்கள்தான் இருந்தன. நடத்துநர் குப்பை என்று திட்டிக்கொண்டே பெருக்கி வாட்ச்மேனிடம் கொடுத்தார். இப்படி நூற்றுப் பதினொன்று. வார்டன் வீட்டுக்கு வந்த கொக்கி, அந்த வீட்டுக்காரி, எந்தப் பேருந்திலும் ஏறவில்லை, திரும்பி வர எந்த கேட்டையும் தாண்டவில்லை, அதனால் எதுவாகவும் மாறவில்லை. அங்கேயே தங்கிவிட்டாள். புதன்கிழமைதோறும் புதுக் கடிதம் வந்தது. நிஜக் கொக்கியின் கையெழுத்து தேறத் தேற வீட்டுக்காரியும் வளர்ந்து, வடிவாகி, வரி பிசகாமல் நின்றாள்.

அடுத்தடுத்த விடுமுறைகளிலும் இதுவே நடந்தது. இரண்டாம் வருஷமே எல்லோருக்கும் பழகிவிட்டது. சமையல்காரர் மட்டும் கோடையில் லீவே இல்லையா என்று புலம்பினார். பள்ளியின் புகழ் நாலு திசையும் பரவியது. அடங்கிய பெண்கள் வேண்டுமென்றால் அந்தப் பள்ளிதான் என்று ஆனது. நூற்றுப் பன்னிரண்டு இருநூறானது, ஒரு கட்டிலுக்கு இரண்டு தலை. நாற்பது நாள் கூடவே இருந்தும் ஒரு தகப்பன்கூட எட்டாவது வாக்கியத்துக்கு ஆசைப்படவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் பிசகியது. மூன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று, 'எனக்குப் பல்லு விழுந்திருச்சு, அதை இங்க யாரும் பாக்கல' என்று ஏழு வரிக்குக் கீழே நுணுக்கி எழுதியிருந்தது. வார்டன் அன்று கண்ணாடியை மறந்து வந்ததால் அது தப்பிப் போய்விட்டது. அந்த விடுமுறைக்கு அந்தப் பொடிசு மட்டும் தன் சொந்தக் காலில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சொந்த வீட்டுக்குப் போனது. மூன்றாம் நாளே அதன் அப்பா திரும்பக் கொண்டுவந்து விட்டார். "இது ரொம்ப அழுவுது மேடம். போன வருஷம் அனுப்பினீங்களே, அதை அனுப்புங்க" என்றார். பெரிய மேடம் மன்னிப்புக் கேட்டு, வார்டனுக்கு இரண்டு ஜோடிக் கண்ணாடிக்கு உத்தரவிட்டார்.

படிப்பு முடிந்து போகிறவர்கள் விஷயம்தான் கொஞ்சம் சிக்கலாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டுக்குப் போன ஏழு வரிப் பெண்கள் திரும்பி வர வேண்டியதில்லை, அங்கேயே நிலைத்தார்கள். நல்ல இடங்களில் கல்யாணமாகி, மாமியார்கள் மெச்ச, மாப்பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் அந்த ஏழில் ஒன்றைச் சொல்லி, குறையில்லாமல் குடும்பம் நடத்தினார்கள். நிஜப் பெண்கள் போக வீடும் இல்லாமல், உட்கார வகுப்பும் இல்லாமல், ஒரு வாரம் கட்டிலில் புரண்டுவிட்டு, பின்பக்கச் சுவரேறிக் குதித்துப் போனார்கள். யாரும் தேடவில்லை. ஒருத்தியைத் தேட வேண்டுமென்றால் முதலில் யாராவது அவளைக் காணோம் என்று சொல்ல வேண்டுமே! ஒருத்தி நர்ஸானாள், ஒருத்தி லாரி ஓட்டினாள், ஒருத்தி மூன்று கல்யாணம் செய்துகொண்டு மூன்றையும் தானே முறித்தாள் என்றெல்லாம் செய்தி வரும். சுவரின் அந்த இடத்தில் செங்கல் தேய்ந்து படி போலவே ஆகிவிட்டது.

வார்டனுக்கு இதெல்லாம் உறைத்தது கொக்கி பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. வீட்டுக்காரியிடம், "கொஞ்சம் வெந்நீர் வெச்சுக் குடுடி" என்றார். நான் இங்கு நலம் என்றாள் அவள். "எனக்கு முடியலடி, நாக்கு வறண்டு போகுது." உணவு நன்றாக இருக்கிறது. "அடியே, நான் செத்தா என்னடி பண்ணுவ?" என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேளாவேளைக்குத் தூங்குகிறவள் படுத்துவிட்டாள். ஆறு வருஷமாகத் தான் வளர்த்தது கையெழுத்து என்று வார்டனுக்கு அந்தப் போர்வைக்குள் நடுங்கியபடியே புரிந்தது. சாயங்காலம் ஜன்னல் திட்டில் டக் என்று ஒரு சத்தம். ஒரு பிளாஸ்க். வெளியே கொக்கி, படிக்குக் கீழே, விதிப்படி நின்றாள். "காய்ச்சல் வந்த ஆளுக்கு ஒரு பிளாஸ்க் வெந்நீர், விடுதி விதி பதினாலு. உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க மேடம்" என்றாள்.

காய்ச்சல் விட்டதும் வார்டன் நாள்காட்டியைப் பார்த்தார். கடைசிப் பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பத்தொன்பதாம் நாள் கொக்கி சுவரேறுவாள். இப்போதே மூட்டை கட்டி வைத்திருப்பதாக விடுதியில் பேச்சு. அப்புறம் ஆயுசுக்கும் இந்த வீட்டில் ஏழு வரிதான். பல் விழுந்த பொடிசின் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறு கடித நேரத்தில் கொக்கியின் மேஜைக்குப் பக்கத்தில், வலது பக்கமாக, போய் நின்றார். "இன்னிக்குப் போர்டைப் பார்க்காத. உன் மனசுல இருக்கிறதை எழுது."

"என்ன எழுதணும் மேடம்?"

"எது வேணும்னாலும். திட்டணும்னாலும் திட்டு."

"எப்படித் திட்டணும்னு போர்டுல எழுதிப் போடுங்க. பார்த்து எழுதிடறேன்" என்றாள் கொக்கி. வகுப்பு முழுக்கக் குனிந்து சிரித்தது. "அதோட ஒண்ணு மேடம். எழுதினா சரிபார்க்கிறது யாரு?"  கொக்கி ஏழு வரியை அச்சடித்தாற்போல எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பெண் எழுதாவிட்டால் நாம் எழுதினால் என்ன என்று அப்போதுதான் அந்த அம்மாளுக்குத் தோன்றியது. ஆறு வருஷத்தில் வந்த கடிதம் இருநூற்றைம்பதுக்கு மேல். ஒன்றுக்குக்கூட அவர் பதில் போட்டதில்லை. நாற்பதடி தூரத்துக்கு என்ன பதில் என்று விட்டுவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைத் தாளை விரித்து, அன்புள்ள மகளுக்கு என்று தொடங்கினார். அந்த வாசல் விஷயத்தை எழுத வேண்டும், காது விஷயத்தை எழுத வேண்டும் என்றுதான் பேனாவைப் பிடித்தார். அத்தனை ஆயிரம் கடிதம் திருத்திய கை, கோணலான வரி ஒன்றையும் உள்ளே விடவில்லை. எழுதி முடித்துப் பார்த்தால், நான் இங்கு நலம், நீ நன்றாகப் படிப்பதாக அறிந்து மகிழ்ச்சி, உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன், ஒற்றுமையாக இரு, என்று இருந்தது. கிழித்துப் போட்டு எழுதினார், அதேதான். ஐந்தாவது தாளும் அதேதான். ஏதோ ஒன்று போகட்டும் என்று உறையில் போட்டார். பழக்க தோஷத்தில் முத்திரையும் குத்தினார்.

புதன்கிழமை நாலரை மணிக்கு விடுதி வாசலில் இன்னொரு வார்டன் வந்து நின்றாள். அதே சேலை, அதே மூக்கு, நெஞ்சிலும் முழங்காலிலும் மடிப்புத் தடம். கழுத்தில் விசில் மட்டும் இல்லை. நேரே கொக்கியின் கட்டிலுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்றாள். கொக்கி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சீப்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். செய்தி கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்த வார்டன் கண்டது, தன் பெண்ணுக்குத் தானே தலை வாரிக்கொண்டிருப்பதை.

"எழுந்திருடி! அவ யாருன்னு தெரியுமா உனக்கு?"

"எங்கம்மா" என்றாள் கொக்கி, திரும்பாமல். "இப்பத்தான் வந்தாங்க. இதுவரைக்கும் திட்டல, அடிக்கல, விசிலும் ஊதல."

"அவ உன்னைப் பெத்தவ இல்லடி! வெறும் காகிதம்!"

"நீங்க வீட்டுல வெச்சுச் சோறு போடறவளை மட்டும் நீங்களா பெத்தீங்க?"

கட்டில்களின் மேலும் கீழுமாக இருநூறு பெண்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். வார்டன் விசிலை எடுத்து ஊதினார். என்ன செய்வதென்று தெரியாதபோது அவருக்குத் தெரிந்த ஒரே காரியம் அதுதான். விசில் கேட்டதும் ஒற்றுமையாக இரு என்று சொல்லிவிட்டுக் கடிதத்தாய் எழுந்தாள். படியிறங்கி, நாற்பதடியை நடந்து, வார்டன் வீட்டுக்குள் போனாள். உள்ளே சாப்பாட்டு மேஜையில் இருந்தவள் நிமிர்ந்து, நான் இங்கு நலம் என்றாள். நானும் இங்கு நலம் என்றாள் வந்தவள். ஏழு வரிக்கு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பொருத்தமான பதில் கிடைத்தது. கதவு சாத்திக்கொண்டது. பின்னாலேயே ஓடிய வார்டன் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, "திறங்கடி! இது என் வீடு!" என்று கத்தினார். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று உள்ளிருந்து இரண்டு குரல்கள் சேர்ந்தாற்போல வந்தன.

அன்று வார்டன் விடுதியில்தான் படுத்தார். ஆளில்லாத கட்டில் எது என்று கொக்கி கையைக் காட்டினாள். அது ஏன் ஆளில்லாமல் இருந்தது என்று விடிந்ததும் தெரிந்தது. உடம்பெல்லாம் மூட்டைப்பூச்சித் தடிப்பு. கூரை முகத்தில் சொட்டியிருந்தது. காலைக் கஞ்சியில் மிதந்ததை ஸ்பூனால் ஓரமாக ஒதுக்கினார். ஓரத்தில் அதற்கு ஏற்கனவே துணை இருந்தது. பாதியில் எழுந்து, கலைந்த தலையோடு பெரிய மேடத்தின் அறைக்குள் நுழைந்தார். அங்கே கடிதத்தாய் முன்கூட்டியே வந்து, வார்டன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், நேராக உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் வார்டனுக்கு என்ன ஆனதோ, வாய் திறந்தது. கட்டில், கூரை, கஞ்சி, குளியலறைத் தாழ்ப்பாள், சுவரேறிப் போன எழுபத்தாறு பெண்கள், ஒவ்வொருத்தியின் பட்டப்பெயர், எல்லாம் வரிசையில்லாமல் கொட்டியது. கடைசியில், "என் பொண்ணு காது வலிக்குதுன்னு எழுதினா மேடம். நான் படிச்சேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சே சிவப்பு மையால அடிச்சேன். இப்ப அவளுக்கு அந்தப் பக்கம் கேக்கறதில்ல" என்றார். வெளியே கதவோரம் கொக்கி வலது காதைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள்.

பெரிய மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாற்காலியில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?" நான் இங்கு நலம் என்றாள் அவள். பெரிய மேடத்தின் முகம் மலர்ந்தது. "பாருங்க, ரெண்டு வார்டனை வெச்சுக்கப் பள்ளிக்குத் தேவையில்ல. ஒருத்தர் புகார் சொல்றீங்க, ஒருத்தர் சொல்லல. என் இடத்துல இருந்தா நீங்களே யாரை வெச்சுப்பீங்க?" இத்தனை வருஷம் தான் யாரை வைத்துக்கொண்டோம் என்பது நன்றாகத் தெரிந்த வார்டன், விசிலைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

அறைக்கு வெளியே கொக்கி சுவரில் சாய்ந்து நின்றாள்.  "அப்ப தெரிஞ்சுதான் இருந்திருக்கு" என்றாள் கொக்கி. "தெரிஞ்சுதான் இருந்துச்சு." "ஆறு வருஷம்." "ஆறு வருஷம்." "உனக்கு வெட்கமா இல்ல?" என்று கத்தினாள் பெண். அந்தப் பேச்சில் 'மேடம்' காணோம், 'நீங்க'வும் காணோம். வார்டன் அழுதார், கொக்கி அவரைச் சமாதானப்படுத்தவில்லை, போகவும் இல்லை. அழுது முடிக்கிற வரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "பரீட்சை முடியட்டும். நான் சுவரேறலாம்னு இருந்தேன். உன் உடம்புக்கு அதெல்லாம் ஆகாது. வாசல் வழியாவே போலாம்" என்றாள். பரீட்சை முடிகிற வரையில் முன்னாள் வார்டன் அந்தக் கட்டிலிலேயே படுத்தார், பெண்களோடு வரிசையில் நின்று தட்டைக் கழுவினார். புது வார்டன் ஊதாமலே விடுதி நடந்தது. கிளம்பும்போது வாட்ச்மேன் ரொம்ப யோசித்து, "ரெண்டு பேரும் உள்ளதான இருக்கீங்க, அப்புறம் எதுக்கு உங்களுக்கு கேட் பாஸ்?" என்று கேட்டை அகலமாகத் திறந்துவிட்டார்.

பக்கத்து ஊர் ஒன்றில் சைக்கிள் கடைக்கு மேல் ஒரே அறை எடுத்துக்கொண்டு அவர்கள் குடியிருந்தார்கள். தாய் ரொட்டிக் கடையில் பொட்டலம் கட்டினாள். கொக்கி மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் சேர்ந்தாள், வருகிறவர்கள் திட்டுவதை ஒரு சொல் குறையாமல் எழுதிக்கொண்டாள். டாக்டர் இடது காதைப் பார்த்துவிட்டு, அப்போதே வந்திருக்கலாம் என்றார். அதைச் சொல்லிக் காட்ட மாதத்துக்கு ஒரு தடவையாவது கொக்கிக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. பள்ளி தன் வைர விழாவைக் கொண்டாடியபோது வாரப் பத்திரிகையில் முழுப் பக்கம் வந்தது. சிறந்த வார்டனுக்கான கேடயத்தைக் கடிதத்தாய் வாங்க, பக்கத்தில் ஏழு வரிப் பெண் கைதட்ட, கீழே 'பிறருக்கு எடுத்துக்காட்டான தாயும் மகளும்' என்று போட்டிருந்தார்கள். ரொட்டி சுற்ற வந்த காகிதக் கட்டுக்குள் அதைக் கண்ட தாய் வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்ணிடம் காட்டினாள்.

"அவ கழுத்துல கிடக்கறது என் சங்கிலிடி!"

"இருந்துட்டுப் போகட்டும் விடும்மா. அவங்களாவது நல்லா இருக்கட்டும்."

"அப்ப நாம நல்லா இல்லையா?"

"உன்கூட இருந்துக்கிட்டா?"

அந்தப் பக்கத்தை அலமாரித் தட்டில் விரித்து அதன் மேல் பாத்திரங்களை அடுக்கினார்கள். பிறகு இன்று கீழே போய்த் தண்ணீர் பிடிக்க வேண்டியது யார் முறை என்ற பேச்சு எழுந்தது. அது நேற்று யார் பிடித்தது என்பதில் தொடங்கி, போன மாதத்துக்குப் போய், மெல்ல மெல்ல ஆறு வருஷத்துக்கும் போனது. சைக்கிள் கடைக்காரர் வழக்கம் போலக் கீழிருந்து கம்பால் கூரையை இடித்தார். மூச்சு வாங்குகிற நேரத்துக்கு மட்டும் இருவரும் குரலைத் தாழ்த்தினார்கள். தாய் எழுந்து பெண்ணின் வலப்பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.